பொன்னாத்தாள் கழுவிய ஈட்டிகள்

பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது பனியன் துணிதான்.

திருப்பூர்ப் பக்கத்தில் எதைப் பொதிந்து அனுப்பினாலும் அதில்தான் பொதிவார்கள். அச்சு பிசகியதால் ஒதுக்கப்பட்ட வெள்ளைத் துணி அது. ஏதோ ஒரு வெளிநாட்டுப் பந்தாட்டக் குழுவின் பெயர் பாதி மட்டும் விழுந்திருந்தது. மடிப்பு மடிப்பாக விலக்கினேன். உள்ளே ஒரு வெண்கல ஈட்டிமுனை. அரளி இலை போல நீண்ட வடிவம். நடுவில் நரம்பாக ஒரு மேடு. அடியில் கம்பு செருகும் குழல்.

பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு இரண்டு விரலால் மெல்லத் தூக்கினேன். உடல் மட்டும் கையோடு வந்தது. நுனி துணியிலேயே தங்கிவிட்டது, வெளிர்பச்சைக் கோலப்பொடி மாதிரி.

எதிரில் நின்ற ஜெபராஜ் குனிந்து துணியைப் பார்த்தார். பிறகு, “போச்சா மேடம்?” என்று மட்டும் கேட்டார்.

மழைக்காலம். ஆய்வகத்தின் ஜன்னல் கம்பிகளில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். அந்தப் பொடிக்கு ஈரக்காற்றே போதும், இன்னும் தின்னும்.

தென்னை பிடுங்கிய குழி

ஜெபராஜ் தொல்லியல் ஆய்வாளர். நாகர்கோவில் பக்கம் பிறந்தவர். எங்கள் பகுதிக்கு வந்து பல வருடங்கள் ஆகியும் பேச்சு மாறாதவர். நான் அப்போது கோவையில் ஒரு கல்லூரியின் உலோக ஆய்வகத்தில் இருந்தேன். குடியிருப்பு திருப்பூரை ஒட்டிய நல்லூரில். வீட்டை ஒட்டிய ஷெட்டில் என் வீட்டுக்காரர் சில நிட்டிங் மெஷின்களை ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். மாலையில் திரும்பினால் என் புடவையில் அமில வாடை, அவர் சட்டையில் மெஷின் எண்ணெய் வாடை. இரண்டாயிரத்தின் அந்த முதல் பத்தாண்டு எங்களுக்கு அப்படித்தான் போயிற்று.

நல்லூருக்குக் கிழக்கே, ஓர் ஓடைக்கரையில் நாச்சிமுத்து என்ற விவசாயிக்குத் தோட்டம் இருந்தது. தென்னை மரங்கள் ஓலை கருகி ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. பட்ட மரங்களைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கினார். ஒரு மரத்தின் வேர்க்கட்டியைத் தூக்கியபோது, வேர்களுக்கு நடுவே பச்சையாக ஒரு வாள் தொங்கியது.

தோண்டத் தோண்ட வந்தன. ஈட்டிமுனைகள், கோடரிகள், இரண்டு வாள்கள். எல்லாம் வெண்கலம். நம் பக்கத்துப் பழங்காலக் குழிகளில் இரும்புதான் கிடைக்கும். இத்தனை வெண்கல ஆயுதங்கள் ஓரிடத்தில் கிடைப்பது அபூர்வம். எந்தக் காலத்தவை என்று உறுதியாகச் சொல்ல எங்களால் முடியவில்லை. எழுத்து வருவதற்கு முந்தைய காலம் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

செய்தி தாலுகா ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து ஜெபராஜுக்கு வருவதற்குள் சில வாரங்கள் ஓடிவிட்டன. அதுவரை, அந்த வாளுக்கு அடுத்து வெளிவந்த மூன்று ஈட்டிமுனைகள் நாச்சிமுத்துவின் வீட்டுப் பூஜை மாடத்தில் இருந்தன. வேல் போல இருக்கிறதே என்று அவர் மனைவி பொன்னாத்தாள் அவற்றைப் புளி போட்டுத் துலக்கி, கிணற்றுத் தண்ணீரில் கழுவி, மஞ்சளும் குங்குமமும் வைத்தார். வாள் வேர்க்கட்டியிலேயே கிடந்தது, மிச்சம் எல்லாம் மண்ணுக்குள்ளேயே இருந்தன. அவற்றை ஜெபராஜ்தான் வந்து மண்கட்டியோடு பெயர்த்து எடுத்தார்.

வேல் வெட்டுமா?

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் நெசவுக் குடும்பம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகிற கூட்டத்தில் என் அப்பாவும் உண்டு. கிளம்புவதற்கு முதல் நாள் எங்கள் தெருக் கோயிலில் உற்சவர் வேலைத் துலக்குவார்கள். கறுத்துக் கிடந்தது தேய்க்கத் தேய்க்கத் தங்கமாக மாறும். சின்ன வயதில் அதைப் பார்த்து, இந்த வேல் யாரையாவது குத்தியிருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டேன். சாமியின் வேல் அப்படி இல்லை என்றார். அப்புறம் எதற்கு இவ்வளவு கூர்மை என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பல வருடம் கழித்து அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற வேலையே எனக்கு வாய்த்தது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. அச்சில் வார்த்த ஆயுதத்தின் விளிம்பைச் சுத்தியலால் தட்டினால் அது இறுகும், கூர் நிற்கும். ஒரு கடுகளவு உலோகத்தை வெட்டி எடுத்து, வழவழவென்று தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், தட்டின இடத்தில் உலோக மணிகள் நசுங்கிப் படுத்திருப்பது தெரியும். வாள் இன்னொரு வாளில் மோதியிருந்தால் விளிம்பில் பல் விழுந்திருக்கும்.

நாச்சிமுத்து தோட்டத்து வாள்களில் தட்டின தடமும் இருந்தது, விளிம்பில் பல்லும் விழுந்திருந்தது. அவை பூஜைக்குச் செய்தவை அல்ல. சண்டையில் பட்டவை.

இன்னொன்றும் இருந்தது. இரண்டு வாள்களும் நடுவில் மடிந்திருந்தன. வேர் நெருக்கியதாலோ பொக்லைன் பட்டதாலோ இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஜெபராஜ் அந்த மடிப்பைச் சுட்டிக்காட்டி, “இது ஒடிஞ்சதில்ல மேடம், வளைச்சது. காய்ச்சி, வேணும்னே வளைச்சிருக்கானுவ. பாத்தியளா, ஒரு விரிசல் கெடையாதுல்லா” என்றார். நுண்ணோக்கியும் அவர் சொன்னதற்கு ஒத்துப்போயிற்று. இனி யாருக்கும் பயன்படக் கூடாது என்று பாழாக்கிப் புதைத்திருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. செத்தவனோடு வைத்திருக்கலாம். எதிரியுடையதாக இருக்கலாம். சண்டை முடிந்ததற்கு அடையாளமாகவும் இருக்கலாம். மனசுக்குப் பிடித்த பதிலை எழுதிவிட ஆசை வரும். எழுதக் கூடாது.

மாடத்துக்கு முன்னால்

ஈட்டி நுனி பொடிந்த மறுவாரம் சோதனைக்கு மண் எடுப்பதற்காக ஜெபராஜோடு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். நாச்சிமுத்து குழியைக் காட்டினார். பேச்சு குறைந்த மனிதர். கருகின மரங்களைப் பார்த்தபடியே பேசினார். ஓடைக்கு மேலே சாயப்பட்டறைகள் வந்த பிறகு கிணறு உப்பாகிவிட்டது என்றும், இப்போது குடிக்க லாரித் தண்ணீர்தான் என்றும் சொன்னார். அந்தப் பட்டறைகளில் ஒன்று அவர் தம்பி மணியுடையது. அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருடங்களாகின்றன. யார் கேட்டாலும், கிணறு தானாக உப்பாகிவிட்டது, தன் பட்டறையால் இல்லை என்றே தம்பி சொல்லிவந்தாராம்.

பொன்னாத்தாள் வெளியே வரவில்லை. தண்ணீர் கேட்கிற சாக்கில் உள்ளே போனேன். காலியான பூஜை மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையால் கைகளை மூடிக்கொண்டார்.

அவர் வைத்திருந்த மூன்றில் இரண்டு ஈட்டிகள் மாடத்திலேயே பூத்துப் பொடியத் தொடங்கியிருந்தன. என் பெட்டியில் நுனி உதிர்ந்தது அவற்றில் ஒன்று. பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சாமியின் ஆயுதத்தைக் கண்ட நேரத்தில் தொட்டுக் கழுவியதால் வந்த வினை என்று பேச்சுக் கிளம்பிற்று. அந்த வருட மாரியம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி எடுக்க அவரை யாரும் கூப்பிடவில்லை. கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து எடுத்தவர். அதற்குப் பிறகு அவர் கோயில் பக்கமே போகவில்லை. மிச்சமிருந்த தென்னைகள் காய்ந்ததும் தன் கையால்தானோ என்று நினைக்க ஆரம்பித்துவிட்டார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, “நான் கழுவாம உட்டிருந்தா அதுக பாட்டுக்கு நல்லா இருந்திருக்குமுங்களா கண்ணு?” என்று கேட்டார்.

இல்லை என்று உடனே சொல்ல வாய் வந்தது. ஆனால் எனக்கு அது அப்போது தெரியாது. புளியும் வெண்கலத்துக்குக் கெடுதல்தான். பார்த்துச் சொல்கிறேன் அக்கா என்று மட்டும் சொன்னேன். அவர் தலையசைத்தார். லோட்டாவில் தண்ணீர் எடுத்துவந்து என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார்.

வெண்கலத்தைத் தின்னும் அந்த வெளிர்பச்சைக் களிம்பைப் பற்றிப் புத்தகங்களில் படித்திருக்கிறேன், மாணவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஒரு பெண்மணி அதனால் யார் கையிலும் எதையும் கொடுக்காமல் இருப்பாள் என்று நினைத்ததில்லை.

வெள்ளையான தண்ணீர்

குழியின் நடுவே குறுக்காக ஒரு பலகைக்கல் இருந்தது. ஆயுதங்களில் பாதி அந்தக் கல்லுக்கு அடியில், வரப்புப் பக்கம் கிடந்தன. பாய்ச்சும் தண்ணீர் அங்கே எட்டாது. மீதிப் பாதி தென்னையின் வட்டப்பாத்திக்கு நேர் கீழே. கிணற்றுத் தண்ணீர் வருடக்கணக்காக இறங்கிய இடம்.

எல்லாவற்றிலும் கடுகளவு எடுத்துப் பார்த்தேன். உலோகம் ஏறத்தாழ ஒரே கலவை. ஒரே கைகள் ஒரே காலத்தில் செய்தவை என்றே தோன்றிற்று. ஆனால் கல்லுக்கு அடியில் கிடந்தவை கெட்டியான கரும்பச்சைத் தோலோடு திடமாக இருந்தன. பாத்திக்கு அடியில் கிடந்தவை உள்ளுக்குள் புரையோடியிருந்தன.

அடுத்துப் பொன்னாத்தாள் கழுவிய மூன்றையும் எடுத்துக்கொண்டேன். நாச்சிமுத்து காட்டியபடி இரண்டு பாத்திப் பக்கம் கிடைத்தவை; அவைதான் பொடிந்தன. மூன்றாவது கல்லுக்கு அடியில் கிடைத்தது. அதே புளி, அதே கை. ஆனால் அதன் மேல்தோல்தான் கொஞ்சம் போயிருந்தது, உலோகம் அப்படியே இருந்தது. பாத்தி மண்ணோடு ஜெபராஜ் பெயர்த்து எடுத்த ஒரு கோடரி இருந்தது. பொன்னாத்தாள் அதைப் பார்த்ததுகூட இல்லை. மண்ணை நீக்கியபோது அதுவும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

கழுவியதால் இல்லை. கழுவாவிட்டாலும் போயிருக்கும்.

உப்பில்லாமல் அந்த வெளிர்பச்சைக் களிம்பு பிடிக்காது. மண்ணைச் சுத்தமான நீரில் ஊறவைத்து வடிகட்டி, வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டேன். உப்பு இருந்தால் நீர் வெள்ளையாகும். கல்லடி மண்ணின் நீரில் லேசாக ஒரு மங்கல், அவ்வளவுதான். பாத்தி மண் பால் மாதிரி ஆயிற்று. கிணற்றுத் தண்ணீரும் அப்படியே.

சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கும் அது தெரியும். எண்ணிச் சொல்ல முடியாத தலைமுறைகளாக மண்ணுக்குள் தாக்குப்பிடித்த வெண்கலத்தை என் வயதுக்குள் வந்த உப்பு கரைத்துவிட்டது. யாருடைய பட்டறை உப்பு என்று என் சோதனைக் குழாய்கள் சொல்லாது. ஓடை நெடுகப் பட்டறைகள் இருந்தன. கிணற்று வழியாக வந்த உப்பு என்பதுவரை சொல்லலாம்.

மணி

விஷயம் எப்படியோ மணிக்கு எட்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பை ஆரஞ்சோடு நல்லூருக்கு வந்தார். என் வீட்டுக்காரரின் துணி முழுக்க அவர் பட்டறையில்தான் சாயம் ஏறியது. அதனால் வீட்டுக்குப் புதியவர் இல்லை. நாற்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர்.

ஆயுதத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், மண்ணையும் தண்ணீரையும் பற்றி எதற்கு என்று கேட்டார். மிரட்டவில்லை. தன் பட்டறையை நம்பி எத்தனை குடும்பங்கள் தெற்கேயிருந்து வந்து தங்கியிருக்கின்றன என்று சொன்னார். அது பொய்யில்லை. என் வீட்டுக்காரர் வாசலுக்கும் ஷெட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். எனக்குள் பயம் இருந்தது.

மணியிடம் அவருடைய அண்ணியைப் பற்றிச் சொன்னேன். ஊர்ப் பேச்சு, முளைப்பாரி, தரையில் வைத்த லோட்டா, எல்லாவற்றையும் சொன்னேன்.

மணிக்கு அது தெரியாது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் போகிற வயதில் அவர் அம்மா இறந்துவிட்டார். அதே வருடம் மருமகளாக வந்த பொன்னாத்தாள்தான் அவருக்குச் சோறு போட்டு, தலை வாரி, காய்ச்சலுக்குக் கண்விழித்து வளர்த்தார். நங்கையா என்று கொங்குப் பக்கத்து முறையில் அண்ணியை அழைப்பார். ‘நங்கையா அப்படியா நினைச்சுட்டு இருக்காங்க’ என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

காபி ஆறிப்போயிற்று. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார்.

“அவங்க கழுவுனதால இல்லைன்னு சொல்லோணும்னா, எதனாலன்னும் சொல்லியாகோணுமில்லீங்க.”

ஆமாங்க என்றேன். ஆரஞ்சுப் பையை மறந்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

அன்று சாப்பிடும்போது, துணிக்கு என்ன செய்வது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “நீ பாத்ததை நீ எழுதீரு. சாயம் போட ஊர்ல வேற ஆளா இல்லை?” என்றார். சொல்லிவிட்டாரே தவிர, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

இரண்டு நாள் கழித்து மணி என் ஆய்வகத்துக்கே வந்தார். அவிநாசி வழியாக பஸ்ஸில் வந்திருந்தார், காரில் இல்லை. நான் முதலில் கல்லடி மண், பாத்தி மண், கிணறு மூன்றின் நீரிலும் சொட்டு விட்டுக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். தன் பட்டறையிலிருந்து ஓடைக்குப் போகிற குழாயில் காலையில் பிடித்தது என்றார்.

“இதையும் ஊத்திப் பாருங்க.”

ஊற்றினேன். முதல் சொட்டிலேயே தயிராகத் திரிந்தது.

“நித்தம் மூட்டை மூட்டையா உப்புக் கொட்டறவனுங்க நானு. எனக்கு இதைப் பாத்துத்தான் தெரியோணும்னு இல்லீங்க,” என்றார். பிறகு, பொடிந்த ஈட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டார். பெட்டியைத் திறந்து காட்டினேன். குனிந்து மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார், மூச்சுப் பட்டால் கலைந்துவிடும் என்பதுபோல.

அந்த மத்தியானம்

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மண்ணும் தண்ணீரும் எங்கள் கட்டுரையில் இடம்பெற்றன. மணி தன் குழாயை ஓடையிலிருந்து திருப்பி, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்த்தார். ஓடையின் மேல்பக்கத்து மற்றப் பட்டறைக்காரர்கள் உடனே சேரவில்லை. கிணறு நல்ல தண்ணீராகவில்லை, எனக்குத் தெரிந்து இன்றும் உப்புத்தான். திடமான ஆயுதங்கள் அரசுக் காப்பகத்துக்குப் போயின. பொடிந்தவற்றை என்னால் மீட்க முடியவில்லை. ஈரம் புகாத டப்பாக்களில் அடைத்து வைத்தோம். எங்கள் துணி மணியிடமே தொடர்ந்து போயிற்று. பொன்னாத்தாளை அடுத்த பொங்கலுக்கு ஊர் கூப்பிட்டது. கூப்பிட்டவர்களில் யாரும் பழைய பேச்சைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மணி அண்ணன் வீட்டுக்குப் போன மத்தியானம் நானும் ஜெபராஜும் கூடப் போனோம். தனியாகச் சொன்னால் நம்பமாட்டார்கள், நீங்களும் வாருங்கள் என்று அவர்தான் கேட்டுக்கொண்டார்.

நாச்சிமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. பொன்னாத்தாள் கதவோரம் வந்து நின்றார். மணி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

“நங்கையா, நீங்க கழுவுனதால இல்லீங்க. தண்ணியினால. எங்க பட்டறைத் தண்ணி.”

பொன்னாத்தாள் என்னைப் பார்த்தார். நான் கண்டதை, அவருக்குப் புரிகிற மாதிரி, கோடரியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். நீங்கள் தொடாததும் போயிற்று, நீங்கள் தொட்டும் ஒன்று நன்றாக இருக்கிறது என்றேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னார். ஜெபராஜும் தலையசைத்து, “ஒங்க கையில ஒரு குத்தமும் இல்லம்மா” என்றார். பொன்னாத்தாள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. சத்தமில்லை.

நாச்சிமுத்து தம்பியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“உனக்கு எப்பத்திருந்து தெரியும்?”

“தென்னை காயறதுக்கு முந்தியே தெரியுமுங்ணா.”

கூரைத் தகரம் வெயிலில் டக்டக்கென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மன்னித்ததாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

பொன்னாத்தாள்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சோறு ஆறுகிறது, எல்லோரும் வந்து உட்காருங்கள் என்றார். ஐந்து பேருக்குப் போதுமா என்று யோசித்த மாதிரி ஒரு கணம் நின்று, பிறகு உள்ளே போனார். அண்ணன் சுவரோரம் ஒரு பக்கமும் தம்பி இன்னொரு பக்கமுமாக உட்கார்ந்தார்கள். எனக்குப் பொன்னாத்தாள் தட்டைத் தரையில் வைக்கவில்லை. கையில் கொடுத்தார்.

மணி முதல் கவளத்தை எடுத்தவர் அதை வாய்வரை கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தார். நாச்சிமுத்து தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொன்னாத்தாள் ரசக் கிண்ணத்தோடு மணியிடம் வந்து நின்றார்.

“உண்ணு கண்ணு,” என்றார்.

மணி சாப்பிடத் தொடங்கினார்.